பிரிண்டருக்கு ஒரு குமாஸ்தா – கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வீட்டுக்கதை

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மார்ச் வருடாந்திரக் கணக்கு முடிந்து, ஆடிட் முடிந்து, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. பேங்க்காரர்கள் இருக்கும் வீடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பதிவு பிரிண்டரைப் பற்றியது. பயந்து ஓடிவிடாதீர்கள். நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. ஒரு பேங்க்காரன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மகளுக்குப் பள்ளியில் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம். தமிழுக்கு அங்கே இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே இரண்டு பக்கம் தமிழ் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பேன். ஒரு சின்னக் கதை, கீழே ஐந்து கேள்வி. திரையில் காட்டினால் படிக்க மாட்டாள். காகிதத்தில் கொடுத்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பிரச்னை என்னவென்றால் வீட்டில் மூன்று மடிக்கணினி, ஒரே ஒரு பழைய லேசர் பிரிண்டர். அதற்கு ஒரு வயர்தான் உண்டு, வைஃபை எல்லாம் கிடையாது. யாருக்கு அச்சு வேண்டுமோ அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் வயரைச் செருக வேண்டும். "பேங்க்ல பெரிய ஆபீசர், வீட்ல ஒரு பிரிண்டர மூணு பேருக்குப் பொதுவா வைக்கத் தெரியலை" என்று தங்கமணி ஒருநாள் சொல்லிவிட்டார். ரோஷம் வந்துவிட்டது.

அப்படி ஆரம்பித்த வேலையில், பிரிண்ட் சர்வர் என்ற பொருளுக்கு அறுபது வருடத்துக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் பாதி, பேங்க் வரலாறு மாதிரியே இருக்கிறது.

டேப்பைச் சுமந்த காலம்

பிரிண்ட் சர்வர் என்றால் என்ன? பிரிண்டருக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. பல பேர் பல காகிதம் கொண்டு வருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவார். அவ்வளவுதான் அடிப்படை வேலை.

இந்தக் குமாஸ்தா ஏன் தேவைப்பட்டார் என்றால், கம்ப்யூட்டர் வேகம், பிரிண்டர் மெதுவு. 1959-ல் ஐபிஎம் 1401 என்ற கம்ப்யூட்டரும், அதோடு 1403 என்ற வரி அச்சு இயந்திரமும் வந்தன. 1403 நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். அந்தக் காலத்துக்கு அது அசுர வேகம். ஆனாலும் ஐபிஎம் 7090 மாதிரியான பெரிய கம்ப்யூட்டர்களின் வேகத்துக்கு அது காணாது. கோடிக்கணக்கில் விலை கொடுத்த இயந்திரத்தை, பிரிண்டர் அடித்து முடிக்கட்டும் என்று சும்மா உட்கார வைக்க முடியுமா?

அதனால் ஒரு வழி செய்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் தன் விடையைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஒரு ஊழியர் அந்த நாடாவைக் கழற்றி, பக்கத்து 1401-ல் மாட்டுவார். 1401 உட்கார்ந்து நிதானமாக அச்சடிக்கும். பெரிய இயந்திரத்துக்கு அச்சடித்துக் கொடுப்பதற்காகவே தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டர். முதல் பிரிண்ட் சர்வர் என்று நான் இதைத்தான் சொல்வேன். நெட்வொர்க் வயருக்குப் பதில் மனிதக் கை.

நம் நாட்டிலும் இந்த ஜோடி இருந்தது. ஐஐடி கான்பூரில் 1966-ல் நிறுவிய ஐபிஎம் 7044-க்குத் துணையாக வந்தது ஒரு 1401.

பிறகு வட்டு வந்தது. நாடாவைக் கழற்றி மாட்டும் வேலை போய், அச்சுக்கு வந்ததை வட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அனுப்பும் முறை வந்தது. இதற்கு ஸ்பூலிங் என்று பெயர். இன்றைக்கும் உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அது இந்தப் பரம்பரைதான்.

சலானும் பணமும்

யூனிக்ஸ் உலகத்தில் இந்தக் குமாஸ்தாவுக்கு எல்பிடி என்று பெயர். லைன் பிரிண்டர் டீமன். 1983-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி-யில் இருந்த எல்பிடி, நெட்வொர்க் வழியாகவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரின் பிரிண்டருக்கு வேலை அனுப்பும். பின்னர் 1990 ஆகஸ்டில் இதன் பேச்சுமுறையை ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். அதைப் படித்துப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், என்னால் புரிந்துகொள்ள முடிந்தது!

மொத்தம் ஐந்தே கட்டளைகள். வரிசையில் இருப்பதை அடி. புது வேலையை வாங்கிக்கொள். வரிசையைச் சுருக்கமாகச் சொல். வரிசையை விவரமாகச் சொல். இந்த வேலையை நீக்கு. முடிந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்பு. ஒன்றில் யார் அனுப்பியது, எந்தக் கம்ப்யூட்டர், வேலையின் பெயர் என்ன என்ற விவரம். இன்னொன்றில் அச்சடிக்க வேண்டிய சரக்கு. எனக்கு உடனே கவுண்டர் ஞாபகம் வந்தது. சலான் ஒன்று, பணம் ஒன்று. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கேஷியர் வாங்குவார்.

நம்பிக்கை விஷயத்தில்தான் எல்பிடி அந்தக் காலத்து ஆள். வேலை அனுப்புகிற கம்ப்யூட்டர் 721 முதல் 731 வரையுள்ள எண் கொண்ட வாசல் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும் என்று விதி. யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள வாசல்களை நிர்வாகி மட்டுமே திறக்க முடியும். எனவே அந்த வாசல் வழியாக வருபவர் நிர்வாகியின் அனுமதி பெற்றவராகத்தான் இருப்பார் என்று ஒரு கணக்கு. கிராமத்துக் கிளையில், "அவர் நம்ம தெருக்காரர்தான்" என்று கையெழுத்தைச் சரிபார்க்காமல் பணம் கொடுப்பது மாதிரி. தெரு சின்னதாக இருந்தவரை அது ஓடியது. யார் வேண்டுமானாலும் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கி அதற்குத் தானே நிர்வாகி ஆகலாம் என்ற காலம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு செல்லாக்காசு ஆனது.

1983 செப்டம்பர்

அந்த 1983-லேயே இன்னும் இரண்டு விஷயம் நடந்தது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. பிரிண்டர் ஒரு இடத்தில், அச்சுக்கு அனுப்பியவர்கள் வேறு இடத்தில். காகிதம் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து நடந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முன்பிருந்த பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதுப் பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். ஆனால் அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அது வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். வெளியே கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

அந்தக் கோபத்துக்கும் 1983 செப்டம்பர் 27-ல் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்துக்கும் தொடர்பு உண்டு. இன்றைக்கு லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும் பகுதி அதிலிருந்து வந்தது. காகிதம் சிக்கிய ஒரு பிரிண்டருக்கு அதில் இவ்வளவு பங்கு!

அதே 1983 செப்டம்பர் மாதம் இங்கே இந்தியாவில், பேங்க் நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமாகவே இருந்த காலம். எவ்வளவு தூரம் இயந்திரத்தை விடலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அடுத்த வருடம், 1984-ல், ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. கிளைகளுக்குள் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் நுழைந்தன. அவற்றோடு சேர்ந்து அந்தக் 'கர்ர்ர்... கர்ர்ர்' சத்தமும் நுழைந்தது. டாட் மேட்ரிக்ஸ்!

கிளையில் பார்த்தது

நான் வேலையில் சேர்ந்தபோது அந்தச் சத்தம்தான் எங்கள் கிளையின் சங்கீதம். விதர்பாவில் ஒரு சின்ன ஊர். சாயங்காலம் கணக்கு முடித்ததும் டே புக்கும் மற்ற ரிப்போர்ட்டுகளும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் மடிந்து மடிந்து விழும். அதைக் கிழித்து, ஓரத்துப் பட்டையை உரித்து, கட்டி வைப்போம்.

அங்கே ஒரு மராத்திக்காரர் ஹெட் கிளார்க். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தது. எல்லாரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் பச்சை மையில் டிக் போட்டு, முந்தைய தாளின் கூட்டுத்தொகை அடுத்த தாளின் தலையில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். கம்ப்யூட்டர் கூட்டியதை ஏன் காகா மறுபடி பார்க்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சாப். நடுவில ஒரு தாள் காணாமப் போனா அது யாருக்குத் தெரியும்?" என்றார்.

இரண்டு வாரத்தில் அது நடந்தது. பிரிண்டருக்கு வேலை அனுப்பும் கம்ப்யூட்டர் பாதியில் நின்று, மறுபடி ஓட்டியபோது மூன்று பக்கம் விட்டுப்போயிருந்தது. பக்க எண் கிடையாது. திரையில் 'முடிந்தது' என்று வந்திருந்தது. காகா மட்டும்தான் கண்டுபிடித்தார். இரவு ஒன்பது மணி வரை எல்லோரும் உட்கார்ந்து திரும்ப எடுத்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

குமாஸ்தா 'முடிந்தது' என்று சொல்வதும் வேலை முடிந்திருப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

குமாஸ்தா மேனேஜர் ஆன கதை

1990-களில் இரண்டு பாதை பிரிந்தது.

ஒரு பாதை சின்னது. 1991-ல் எச்பி நிறுவனம் ஜெட்டைரக்ட் என்ற அட்டையைக் கொண்டு வந்தது. பிரிண்டரையே நேராக நெட்வொர்க்கில் சேர்த்துவிடலாம். அதன் வாசல் எண் 9100. அங்கே சலான் கிடையாது, கட்டளை கிடையாது. இணைப்பு திறந்ததும் நீங்கள் கொட்டுவது அப்படியே பிரிண்டருக்குள் போகும். இணைப்பை மூடினால் வேலை முடிந்தது. இந்த எளிமை பிடித்துப்போய் மற்ற பிரிண்டர் கம்பெனிகளும் அதே 9100-ஐ எடுத்துக்கொண்டன.

பிரிண்டரில் அந்த வசதி இல்லாவிட்டால்? அதற்காக கென் யாப் என்பவர் எழுதிய சின்ன நிரல்தான் பி910என்டி. வட்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் ஓட வேண்டும் என்பதால் அது எதையும் சேமித்து வைக்காது. 9100-ல் வருவதை வாங்கி, மறு கையால் வயர் வழியே பிரிண்டருக்குக் கொடுக்கும். பெயரிலேயே வாசல் எண் இருக்கிறது. 910-க்குப் பிறகு வரும் 'என்' பிரிண்டரின் எண். பத்து பிரிண்டர் வரை 9100 முதல் 9109 வரை.

இன்னொரு பாதை பெரியது. 1997-ல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் கப்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கினார். 1999-ல் வெளியானது. 2002-ல் ஆப்பிள் அதைத் தன் மேக் கம்ப்யூட்டர்களில் சேர்த்தது. 2007-ல் அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, நிரலையும் வாங்கிக்கொண்டது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு வந்தார். அடுத்த வருடத்திலிருந்து ஓப்பன்பிரிண்டிங் என்ற குழுவில் வளர்ச்சி தொடர்ந்தது.

கப்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அதற்கு முன் லினக்ஸில் பிரிண்டர் வைத்துக்கொள்வது பெரும்பாடு. எந்த வகைக் கோப்பு வந்தாலும் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். யார் எத்தனை பக்கம் அடித்தார்கள் என்று கணக்கு வைக்கும். கடவுச்சொல் கேட்கும். பெரிய அலுவலகத்துக்கு இவையெல்லாம் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு துணை வேண்டும். கல்யாணப் பத்திரிகை ஒருவருக்கு வைத்தால், அவர் வீட்டோடு, சம்பந்தி வீட்டோடு, பக்கத்து வீட்டாரோடு வருவது போல, ஒன்றை நிறுவப் போனால் அது இன்னும் இருபதைக் கூட்டி வருகிறது. எங்கள் வீட்டு விவகாரத்தில் முதலில் ஒரு பழைய மேஜைக் கணினியில் பெரிய ஏற்பாட்டைத்தான் முயன்றேன். இதற்கு அது வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. எதற்கு எது என்று எனக்குப் புரியவில்லை. புரியாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். விட்டுவிட்டேன்.

சாவிக்கொத்து யார் இடுப்பில்?

என் பயம் வெறும் பயம் இல்லை என்று பின்னால் படித்ததில் தெரிந்தது.

2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் குறிவைத்த நிரல். அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்தது. 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெயரில் அதே ஸ்பூலரில் இன்னொரு ஓட்டை. மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கும் சேர்த்தே கொடுத்தது என்றால் தீவிரத்தைப் பாருங்கள். காரணம் என்ன? ஸ்பூலர் அந்தக் கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. புதுப் பிரிண்டருக்கு வேண்டிய டிரைவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதன் வேலை. காகிதம் வாங்கி வைக்கும் குமாஸ்தாவிடம் ஸ்ட்ராங் ரூம் சாவியையும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர் கப்ஸின் துணை நிரல்களில் ஓட்டைகளை வெளியிட்டார். நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தானே தேடிச் சேர்க்கும் ஒரு துணை நிரல், 631-ஆம் வாசலில் யார் வந்து "நான் ஒரு பிரிண்டர்" என்று சொன்னாலும் நம்பியது. அப்படிச் சேர்ந்த போலிப் பிரிண்டருக்கு நீங்கள் ஒரு காகிதம் அனுப்பினால், எதிராளி சொன்ன கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த கதவுதான் அது.

டாக்காவில் நின்றுபோன பிரிண்டர்

பேங்க்காரர்கள் மறக்கக் கூடாத பிரிண்டர் ஒன்று உண்டு. அது வங்கதேசத்தின் மத்திய வங்கியில் இருந்தது.

ஸ்விஃப்ட் வழியாக நடக்கும் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றச் செய்திகள் அங்கே ஒரு பிரிண்டரில் தானாகவே அச்சாகி விழும். 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. அங்கே விடுமுறை நாள். வந்தவர்கள் பார்த்தால் தட்டில் காகிதம் ஒன்றுமில்லை. பிரிண்டர் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உண்மையில், முந்தைய இரவு திருடர்கள் அந்த வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 ஆணைகள் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 95 கோடி டாலருக்கும் மேல். அதில் ஐந்து ஆணைகள் நிறைவேறிவிட்டன, 10.1 கோடி டாலர். இலங்கைக்குப் போன 2 கோடி, பெறுபவரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்ததால் மாட்டிக்கொண்டு திரும்பியது. மீதி 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது.

அச்சுக்குப் போகும் உறுதிச் செய்திகளிலும் திருடர்களின் நிரல் கை வைத்திருந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏன் பிரிண்டரைக் குறிவைக்க வேண்டும்? அதுதான் சாட்சி என்பதால். சனிக்கிழமை வேறு வழியில் செய்திகளை அச்செடுத்த பிறகுதான், நியூயார்க்கிலிருந்து விளக்கம் கேட்டு வந்திருந்தது தெரிந்தது. அதற்குள் அங்கே வார விடுமுறை. திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை.

சின்ன பிரிண்ட் சர்வர் இருந்திருந்தால் இந்தத் திருட்டு நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தோன்றுவது ஆடிட்டர் புத்தி. சாட்சி சொல்பவர், குற்றம் நடக்கக்கூடிய வீட்டிலேயே குடியிருக்கக் கூடாது. செய்தியை அனுப்பும் கம்ப்யூட்டரும், 'இதைத்தான் அனுப்பினேன்' என்று அச்சுக்குக் கொடுக்கும் நிரலும் ஒன்றாக இருந்ததால், ஒன்றைப் பிடித்தவன் கையில் இரண்டும் வந்துவிட்டன. அச்சு வேலை செய்யும் பகுதி எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தனியாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக அதைச் சோதித்துப் பார்க்கலாம். காகா மூன்று பக்கத்தைக் கண்டுபிடித்தது, கம்ப்யூட்டர் தொட முடியாத பச்சை மையை வைத்துத்தான்.

எங்கள் வீட்டு ஏற்பாடு

சரி, கதைக்கு வருகிறேன். பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம், பின்னால் ஒரு யுஎஸ்பி ஓட்டை. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். லிங்க்சிஸ் கம்பெனி தன் ரவுட்டர் ஒன்றின் நிரலை 2003-ல் வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து 2004-ல் வளர ஆரம்பித்தது இது. அதற்கும் அடியில் குனூ உரிமம்தான். பழைய லேசர் பிரிண்டரின் கோபம் இங்கே வரை வந்திருக்கிறது.

பிறகு சேர்த்தது இரண்டே பொருள்: யுஎஸ்பி பிரிண்டரை அடையாளம் காணும் ஒரு துண்டு, மற்றும் பி910என்டி. அமைப்புக் கோப்பில் எந்த வயர், எந்த வாசல் என்று சில வரிகள். மூன்று மடிக்கணினியிலும் ரவுட்டரின் முகவரியையும் 9100 என்ற எண்ணையும் கொடுத்து, பிரிண்டருக்கு உரிய டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஞாயிறு மதியம் முடிந்தது.

முதல் சோதனையில் ஆர்வக்கோளாறில் தமிழ்க் கதையை வெறும் எழுத்துக் கோப்பாக நேரே 9100-க்கு அனுப்பினேன். பக்கம் முழுக்க, தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். காரணம் எளிது. பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. அந்தக் காலத்தில் டாட் மேட்ரிக்ஸுக்கும் தெரியாது. அதற்காகத்தான் பூனாவில் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் அட்டையை வைத்துக்கொண்டு இந்திய மொழிகளுக்காக மல்லுக்கட்டியது. 1991-ல் இஸ்கி என்ற எழுத்துக்குறி முறையும் நிலையானது.

சரியான வழி, மடிக்கணினியிலேயே எழுத்துருவை வைத்துப் பக்கத்தைப் பிரிண்டருக்குத் தெரிந்த வடிவில் தயார் செய்து அனுப்புவது. ஒரு கணக்கு பாருங்கள். இரண்டாயிரம் எழுத்துக்குறி உள்ள தமிழ்ப் பக்கம் யூனிகோடில் சுமார் 6 ஆயிரம் பைட். அதே பக்கத்தை 600 புள்ளி நுணுக்கத்தில் படமாக்கினால், சுருக்காமல் சுமார் 43 லட்சம் பைட். இந்த மாற்றும் வேலை சின்ன ரவுட்டரால் ஆகாது. ஆக வேண்டியதுமில்லை. பலம் உள்ள மடிக்கணினி அதைச் செய்யட்டும். ரவுட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் கொடுத்தால் போதும். தமிழோ மராத்தியோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். எந்த மொழியும் தெரியாத குமாஸ்தா எந்த மொழியையும் கெடுப்பதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட் ரிப்போர்ட் முழுமை ஆகாது.

வரிசை கிடையாது. ஒருவர் அடிக்கும்போது அடுத்தவரின் கம்ப்யூட்டர் வாசலில் காத்திருக்கும். அடித்து முடியும் முன் மடிக்கணினியை மூடினால் பாதிக் கதைதான் வரும். மின்சாரம் போனால் அந்த வேலை போச்சு, மறுபடி அனுப்ப வேண்டும்.

கடவுச்சொல் கிடையாது, மறைகுறியீடும் கிடையாது. வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்தவர் யாரும் அடிக்கலாம். அதனால் 9100 வாசலை வெளி இணையத்துக்குத் திறக்கவே கூடாது. விருந்தாளிகளுக்கு வைஃபையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் அலுவலகம் மாதிரி இடத்துக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. அங்கே யார் எதை அச்செடுத்தார் என்ற பதிவு கட்டாயம் வேண்டும்.

சில மலிவு லேசர் பிரிண்டர்கள், ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் தங்கள் உள்நிரலைக் கம்ப்யூட்டர் ஊட்ட வேண்டும் என்று காத்திருக்கும். அவற்றுக்குத் தனி ஏற்பாடு தேவை. 2010-ல் ஏர்பிரிண்ட் வந்த பிறகு, டிரைவரே தேவைப்படாத பிரிண்டர்கள் பெருகிவிட்டன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பரணில் ஏற வேண்டிய வேலையே இல்லை.

இவ்வளவு குறை இருந்தும் எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம், குறைகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான். ஒரு தாளில் எழுதி ரவுட்டர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். பெரிய ஏற்பாட்டில் என்னென்ன குறை இருந்தது என்று என்னால் அப்படி எழுதியிருக்க முடியாது.

போன ஞாயிறு கதை நான்கு பக்கம். கூடத்தில் உட்கார்ந்து அனுப்பினேன், உள்ளறையில் அச்சானது. மகள் எடுத்து வந்து, "அப்பா, மூணாவது பக்கம் எங்கே?" என்றாள். பிரிண்டரின் பின்னால் விழுந்து கிடந்தது. பக்க எண் போட்டிருந்ததால் கண்டுபிடித்தாள். நான் எழுந்து போய் என் பெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்திலும் டிக் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். காகா கதையைச் சொன்னேன்.

டிஸ்கி: தங்கமணிக்கு ஏற்பாடு பிடித்துவிட்டது. மளிகைச் சீட்டைக்கூட இப்போது சமையலறையிலிருந்தே அச்சடித்து, என்னைக் கடைக்கு அனுப்புகிறார். இந்தப் பக்க விளைவை எந்த ஆவணமும் எனக்கு எச்சரிக்கவில்லை.